கொழும்புக் கண்காட்சி, பிறகு ஸூம் சந்திப்பு: தொடர்பு பிடிக்கிறது எப்படி?

தறிக்காரி (மருதமுனை)

ஸலாம், வணக்கம். கைத்தறி சாரி, சாரன், மேசைவிரிப்பு செய்யிற இடம், 10 தறி. அடுத்த மாதம் கொழும்பு பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில 2 நாள் வர்த்தகக் கண்காட்சி. ஸ்டோல் போடல்ல, பார்க்கிறதுக்குத்தான் போறம். அதுக்கு அடுத்த கிழமை லண்டன் பக்கத்து வாங்குறாக்களோட ஸூமில ஒரு சந்திப்பு. முன்பின் தெரியாதாக்களிட்ட எப்படிப் போய்க் கதை தொடங்கிற? என்ன கொண்டு போகணும்? கட்டுக்கட்டா கார்ட் வாங்கிட்டு வந்தாலும் பிறகு ஒருத்தரும் கதைக்கிறதில்ல எண்டு எல்லாரும் சொல்றாங்களே, அது ஏன்?

வாவிக்கரை (மட்டக்களப்பு)

தங்கச்சி, கட்டுக்கட்டா வாங்கிறதுதான் பிழை. 2 நாளைக்கு 10 பேர் போதும், ஆனா அந்த 10 பேர் ஆர் எண்டு பஸ் ஏற முதலே தெரிஞ்சிருக்கணும். ஸ்டோல் போடுறாக்கள்ற பட்டியலைக் கண்காட்சி நடத்துறாக்கள் முன்கூட்டியே போடுவாங்க. போடாட்டி போன் எடுத்துக் கேளுங்க. அதில துணிக்கடை, ஹோட்டல், பரிசுப்பொருள் கடை எண்டு பிரிச்சு, ஒவ்வொருத்தரும் இப்ப என்ன விக்கிறாங்க எண்டு பேஸ்புக்கில பாருங்க. “உங்கட மேசைவிரிப்பில எல்லாம் ஒரே நிறக் கரைதான் பார்த்தன், இரட்டைக் கரை கேட்டு வாறாக்கள் இருக்காங்களா?” இப்படி அவர்ற சாமானில இருந்து தொடங்கினா அவரே கதைப்பார். “நாங்க கைத்தறி செய்யிறம், எல்லா டிசைனும் இருக்கு” எண்டு தொடங்கினா தலையாட்டி அனுப்பிடுவார். எல்லாம் செய்வம் எண்டு சொல்றவரை ஒண்டுக்கும் ஞாபகம் வராது.

உங்களப் பத்திச் சொல்ல 20 செக்கன் போதும்: என்ன செய்யிறிங்க, மாதத்துக்கு எத்தின, எத்தின நாளில குடுப்பிங்க. மாதக் கணக்கை இப்பவே போட்டு வைங்க. 10 தறி, ஒரு சாரிக்கு 2 நாள், மாதத்தில 24 வேலை நாள் எண்டா 120 சாரி. நூல் பிந்தும், சாயம் பிழைக்கும், ஆள் வராது. அதுக்கு 20 வீதம் கழிச்சா 96. வெளிய 90 எண்டு சொல்லுங்க. 200 கேட்டா “ரெண்டு மாதத்துக்கு மேல போகும்” எண்டு அந்த இடத்திலயே சொல்லணும். முதல் ஓடரே பிந்தினா அந்த வாங்குறாள் போனதுதான்.

கார்ட் 90க்கு 55 மில்லிமீற்றர், 300 ஜிஎஸ்எம் (மட்டைர கன அளவு) மட்டை. பின்பக்கம் லெமினேட் பண்ணாதீங்க, போல்பொயின்ற் பேனா அதில எழுதாது. முன்பக்கம் ஆங்கிலம், பின்பக்கம் மேல்பாதியில சிங்களம், கீழ்ப்பாதி குறிப்பெழுத வெறுமை. போன் நம்பரில முன்னுக்கு +94, அதுக்குப் பிறகு 0 வராது. ரெண்டையும் சேர்த்து அடிச்ச கார்டை எத்தினையோ பேரிட்டப் பார்க்கலாம், வெளிநாட்டில இருந்து அந்த நம்பர் வேலை செய்யாது. க்யூஆர் போடுறதெண்டா 2 சென்ரிமீற்றருக்குக் குறையாம, சுத்திவர வெள்ளை விளிம்போட போடுங்க. 500 அடிக்க முதல் ஒண்டை அடிச்சு, வெளிச்சம் குறைஞ்ச இடத்தில ரெண்டு மூண்டு போனால பிடிச்சுப் பாருங்க.

சாரியைக் காவிட்டுத் திரியாதீங்க. 10க்கு 15 சென்ரிமீற்றர் துண்டு வெட்டி மட்டையில ஒட்டி, நூல் இலக்கம் (நூல் எவ்வளவு மெல்லிசு எண்டு காட்டுறது), அகலம், எத்தினைக்குக் குறையாம எடுக்கணும், துவைச்சாச் சுருங்கிற அளவு எல்லாம் எழுதுங்க. நிறம் போகுமா எண்டு கட்டாயம் கேட்பாங்க. வெள்ளைத் துணியோட ஊறவைச்சுப் பார்த்திட்டுப் போங்க.

நேரம் முக்கியம். முதல் நாள் காலையில திறப்புவிழா, பிரமுகர் வருகை எண்டு ஸ்டோல்காரர் பதட்டத்தில நிப்பாங்க. ரெண்டாம் நாள் திறந்த உடனே போனா ஆறுதலாக் கதைக்கலாம். ஸ்டோலில வாடிக்கையாளர் நிண்டா குறுக்க போகாதீங்க, அடுத்ததுக்குப் போயிட்டுத் திரும்பி வாங்க. அவர் காசு உழைக்க வந்த இடம் அது.

பாலத்தடி (கல்லடி)

ஸூம் பகுதிக்கு நான் சொல்கிறேன். வந்த லிங்க் மீட்டிங்கா வெபினாரா என்று முதலில் பாருங்கள். வெபினார் என்றால் நீங்கள் மற்றப் பார்வையாளரைப் பார்க்க முடியாது, மைக்கும் உங்கள் கையில் இல்லை. பெரும்பாலும் கேள்விப்பெட்டிதான் வழி. அங்கே கேள்வியோடு ஊரையும் தொழிலையும் சேர்த்து எழுதினால், வாசிக்கிறவர் உங்கள் பெயரைச் சபையில் சொல்லிவிடுவார். விளம்பரமாக எழுதினால் தாண்டிப் போய்விடுவார்.

மீட்டிங் என்றால், பெயர் இருக்கும் இடத்தில் போன் மொடலின் பெயரோ மகனின் பெயரோ தெரியக்கூடாது. பெயர், கைத்தறி, மருதமுனை என்று ஆங்கிலத்தில் மாற்றி வையுங்கள். தனியாக ஒருவருக்குச் செய்தி அனுப்பும்போது மேலே எல்லோருக்கும் என்று இருக்கிறதா, அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். விலையைப் போட்டியாளருக்கும் சேர்த்து அனுப்பித் தலையில் கைவைக்கிறது இந்த இடத்தில்தான். சந்திப்பு முடிந்ததும் செய்திகள் எழுதும் சாட் பெட்டி பெரும்பாலும் மறைந்துவிடும். ஆகவே கடைசி 5 நிமிடத்தில் தேவையான நம்பர்களை ஸ்கிரீன்ஷொட் எடுங்கள்.

துணியின் நிறம் கமராவில் பொய் சொல்லும். மஞ்சள் பல்பின் கீழே காட்டினால் வெள்ளை கிரீமாகும், நீலம் பச்சையாகும். ஜன்னல் உங்களுக்கு முன்னால் இருக்கட்டும், பின்னால் வேண்டாம். துணிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் பிடித்தால் பார்க்கிறவருக்கு நிறம் ஓரளவு பிடிபடும். நிறத்தை முடிவாக்குவது கூரியரில் போகும் துண்டுதான், அதைச் சொல்லிவிடுங்கள்.

கரண்ட் போனால் ரவுட்டரும் போகும். அதற்குச் சின்ன யூபிஎஸ் ஒன்று, இல்லாவிட்டால் வேறு கம்பனி சிம் போட்ட போனில் ஹொட்ஸ்பொட். கோடு இழுபட்டால் முதலில் உங்கள் வீடியோவை நிறுத்துங்கள், குரல் நிற்கும்.

நேரம்: லண்டன் காலை 10 மணி, கோடையில் நமக்குப் பிற்பகல் 2.30, குளிர்காலத்தில் 3.30. மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் அவர்கள் மணிக்கூடு மாற்றுகிறார்கள். இரண்டு ஊர் நேரத்தையும் எழுதி உறுதிப்படுத்துங்கள். பிறகு தனியாக ஒருவரோடு கதைக்க இலவச ஸூமை நம்பாதீர்கள், 40 நிமிடத்தில் வெட்டும். விலை கதைக்கிற நேரம் பார்த்துத்தான் வெட்டும்! வாட்ஸ்அப் வீடியோ போதும்.

கச்சான்காற்று (பொத்துவில்)

ரெண்டு பேரும் சொன்னது சரி, ஆனா திரும்பக் கதைக்காததுக்குக் காரணம் பிறகு நடக்கிற வேலையிலதான் இருக்கு. கார்ட் வாங்கின கையோட ஒதுங்கி நிண்டு பின்னுக்கு 3 விசயம் எழுதணும்: என்ன கேட்டார், நான் என்ன தாறன் எண்டன், எப்ப. இரவாகினா முகமும் பேரும் மாறிப்போகும். 24 மணித்தியாலத்துக்குள்ள முதல் செய்தி: “ஞாயிறு காலை உங்கட ஸ்டோலில மேசைவிரிப்புக் கரை பத்திக் கதைச்சம். கேட்ட 2 நிறமும் படத்தில இருக்கு. துண்டு அனுப்ப விலாசம் தாங்க.” அவ்வளவுதான். அவருக்கு ஒரு சொல்லில பதில் சொல்ல ஏலுமா இருக்கணும். 40 படம், கம்பனி வரலாறு, காலை வணக்கப் பூ ஒண்டும் வேணாம். பதில் வராட்டி ஒரு கிழமை கழிச்சு ஒருக்கா, பிறகு 3 கிழமை கழிச்சு ஒருக்கா. அதுக்கும் பதில் இல்லாட்டி விட்டிருங்க.

எல்லாரையும் வாட்ஸ்அப் புரோட்காஸ்ட் லிஸ்டில (ஒரே செய்தியைக் கனபேருக்கு ஒருமிக்க அனுப்புறது) போட்டு வேலை முடிஞ்செண்டு நினைக்கிறாக்கள் இருக்காங்க. உங்கட நம்பரை சேவ் பண்ணாத ஆளுக்கு அது போய்ச் சேராது. பெரிய ஹோட்டல் எண்டா வாட்ஸ்அப்பை விட, ஒரு பக்க பிடிஎஃபோட ஈமெயில்தான் கொள்வனவுப் பகுதிக்குப் போகும்.

இன்னொண்டு: கொழும்பு போறது சரி, பக்கத்தில இருக்கிற பாசிக்குடா, அறுகம்பே கடற்கரை ஹோட்டல்களை ஏன் விடுறிங்க? அறுகம்பே சுற்றுலா சீசன் ஏப்ரல், மேயில தொடங்குது. சாமான் வாங்கிறது அதுக்கு முதல். ஜனவரியில போய்க் கதைங்க. சீசன் நடுவில போனா முதலாளியைக் காணவும் ஏலாது.

தறிக்காரி

ஜஸாக்கல்லாஹ். இன்னும் ரெண்டு. நிண்ட இடத்திலயே விலை கேட்டாச் சொல்றதா? பொம்பிளைகள் கைகுலுக்க விருப்பமில்லாட்டி?

வாவிக்கரை

விலையை ஒளிக்காதீங்க, ஆனா தனி விலை சொல்லாதீங்க. 10, 50, 100 எண்டு மூண்டு அளவுக்கு விலை எழுதி, மருதமுனையில வைச்சு ஏத்திற விலையா, கொழும்புக்குக் கொண்டுவந்து தாற விலையா எண்டும் குறிச்சு, “30 நாளைக்குச் செல்லும்” எண்டு திகதி போட்டு வைச்சிருங்க. நூல் விலை ஏறினா அந்தத் திகதிதான் உங்களக் காப்பாத்தும்.

கைக்கு: அவர் கை நீட்ட முதலே நெஞ்சில கை வைச்சு, சிரிச்சு, பேரைச் சொல்லுங்க. மற்றக் கையில மாதிரி மட்டை இருந்தா அவர்ர கண் அதில போயிடும்.

பாலத்தடி

ஸூம் சந்திப்பு வெள்ளிக்கிழமைக்கு வந்தால் நமது நேரம் 12 முதல் 2 மணி வரை ஏலாது என்று முன்பே எழுதிவிடுங்கள். ஜும்மா நேரம் என்றால் அங்கேயும் விளங்கும்.