தனிமங்கள் உருவாவதைப் பிள்ளைகளுக்கு விளக்க உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. குடியாத்தம் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். போன மாதம் பிள்ளைகளைக் காவலூர் வானாய்வகத்துக்கு அழைத்துப் போயிருந்தோம். திரும்பும்போது பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி பஸ் ஜன்னல் கம்பியைத் தட்டியபடியே கேட்டாள்: "இந்த இரும்பு நட்சத்திரத்துக்குள்ள உருவாச்சுன்னு சொல்றீங்க. உள்ளே போய்ப் பார்த்தது யாரு சார்?"

அருமையான கேள்வி. யாரும் போகவில்லை, துகள் முடுக்கியில் (அணுத்துகள்களை வேகப்படுத்தி மோதவிடும் கருவி) அதே மாதிரி அணுக்கரு வினைகளை நடத்தி அளக்கிறார்கள் என்றேன். நட்சத்திரத்தில் கார்பன் போதிய அளவு உருவாக, அதன் அணுக்கருவுக்கு ஒரு தனி ஆற்றல் நிலை இருந்தே தீரவேண்டும் என்று 1950களில் வானியலாளர் ஹாயில் கணித்ததையும், அமெரிக்காவின் கால்டெக் ஆய்வகத்தில் அது உறுதியானதையும் சொன்னேன். அந்த ஆய்வகத்தின் ஃபௌலருக்கும் நம் சந்திரசேகருக்கும் 1983இல் நோபல் பரிசு பகிர்ந்து கிடைத்தது என்றதும் பஸ்ஸே கைதட்டியது.

நான் தடுமாறுவது அடுத்த இடத்தில். நட்சத்திரத்துக்குள் இருக்கும் ஆற்றலில் நேர்மின் அணுக்கருக்கள் ஒன்றையொன்று விலக்குவதால் வினை அபூர்வமாகத்தான் நடக்கிறது. அந்தச் சின்ன சமிக்ஞையை விண்வெளிக் கதிர்கள் மூழ்கடித்துவிடும். அதனால்தான் இத்தாலியில் கிரான் சாசோ மலைக்கடியில், 1400 மீட்டர் பாறைக்குக் கீழே முடுக்கி வைத்திருக்கிறார்கள். சரி, அங்கே எண்ணும் வினைகளை வைத்துக் கிடைக்கும் அளவை நட்சத்திரத்தின் வினை வேகமாக மாற்றுவது எப்படி? பிளஸ் ஒன் கணக்கு அளவில் எனக்குச் சொல்ல வரவில்லை.

கொல்கத்தா சாஹா அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தின் ஃப்ரீனா முடுக்கியிலோ வேறு எங்கோ வேலை செய்தவர்கள், படித்தவர்கள் யாராவது ஒரு மணி நேரம் தமிழில் பேச முடியுமா? ஆன்லைன் என்றாலும் சரி. நேரில் வந்தால் காட்பாடி ஸ்டேஷனுக்கே வந்து அழைத்துப் போகிறேன்.