புதுப்பிப்பு: மூடிவைத்த மடிக்கணினியில் தீர்ந்துபோன பேட்டரி

கோத்தகிரியில் இரவு 80 சதவீதத்தில் மூடிவைக்கும் டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் என் மடிக்கணினி காலையில் உயிரற்றுக் கிடக்கிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். பலரும் பனியைக் காரணம் காட்டினீர்கள். குளிரில் லித்தியம் பேட்டரி குறைவாகத்தான் தரும், உண்மை. ஆனால் அடுப்படி அலமாரியில் வைத்த இரவும் அதே கதை. மேலும், தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. உறங்கும் இயந்திரம் சூடாக இருக்கக் கூடாதே! அங்கேதான் பிடி கிடைத்தது.

லினக்ஸ் தன் அமைப்புகளைக் காட்டும் சிஸ் அடைவில், பவர் என்பதன் கீழே, கணினி எப்படித் தூங்க வேண்டும் என்பதைச் சொல்லும் மெம்_ஸ்லீப் என்ற கோப்பு இருக்கிறது. அதில் எஸ்2ஐடில் (மேலோட்டமான உறக்கம்), டீப் (ஆழ்ந்த உறக்கம்) என இரண்டு சொற்கள். நடப்பில் உள்ள முறையைக் காட்டும் சதுர அடைப்புக்குறி முதலாவதைச் சுற்றியிருந்தது. அதாவது என் கணினி தூங்கவேயில்லை, கண்ணை மூடிப் படுத்திருந்தது. எஸ்2ஐடிலில் செயலி அணைவதில்லை. ஏதேனும் ஒரு சாதனம் தொந்தரவு செய்தால் ஆழ்ந்த ஓய்வுக்கே போகாது. டீப் நிலையில் கிட்டத்தட்ட நினைவகத்துக்கு மட்டுமே மின்சாரம் தொடர்கிறது.

முழு உரிமையுள்ள ரூட் பயனராக அந்தக் கோப்பில் டீப் என்று எழுதினேன். மறுநாள் காலை 77 சதவீதம்! மறுதொடக்கத்தில் இது அழிந்துவிடும் என்பதால், கணினியைத் துவக்கும் நிரலான கிரப்பின் அமைப்பில் மெம்_ஸ்லீப்_டிஃபால்ட் என்ற கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) அளவுருவுக்கும் டீப் என்றே கொடுத்து, அப்டேட்-கிரப் கட்டளையை இயக்கினேன்.

உங்கள் கோப்பில் டீப் என்ற சொல்லே இல்லையென்றால் இந்த வழி உதவாது. வட்டில் போதிய ஸ்வாப் இடம் ஒதுக்கி, நினைவகத்தில் உள்ளதை அதில் சேமித்துவிட்டுக் கணினியை அணைக்கும் ஹைபர்னேட் முறையை முயன்று பாருங்கள்.