புதுப்பிப்பு: 47 வயதில் எடைப் பயிற்சியுடன் தீவிரப் பயிற்சி, மூன்று மாதங்களுக்குப் பிறகு

எடைப் பயிற்சியோடு கெட்டில்பெல் (கைப்பிடியுள்ள இரும்புக் குண்டு), பர்ப்பி (குந்தி, கால்களைப் பின்னால் நீட்டி, எழுந்து குதிப்பது), துடுப்பு இயந்திரம் ஆகியவற்றை ஓய்வின்றி மாற்றி மாற்றிச் செய்யும் தீவிரப் பயிற்சியையும் சேர்க்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வாரத்துக்கு ஒரு நாள் போதும் என்று பலரும் அறிவுறுத்தினீர்கள். நான் மூன்று நாள் செய்தேன். நான்காம் வாரத்தில் தூக்கம் கெட்டது. வழக்கமாகத் தூக்கும் 100 கிலோ டெட்லிஃப்ட் (தரையிலுள்ள எடையை நிமிர்ந்து நிற்கும்வரை தூக்குவது) தரையை விட்டு எழவில்லை, முழங்கையிலும் வலி தொடங்கியது. தசையைவிட, அதை எலும்போடு இணைக்கும் தசைநாண் மெதுவாகவே பழகும் என்பதை, குறிப்பாக நம் வயதில், நான் பொருட்படுத்தியிருக்க வேண்டும்.

இப்போது திங்கள், வியாழன் எடைப் பயிற்சி. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு சிங்கப்பூரின் பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் 15 நிமிடத் தீவிரப் பயிற்சி மட்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் வியர்வை எளிதில் ஆவியாகாததால் உடல் சூடேறி, அதே வேலைக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. ஆகவே வெயில் ஏறுமுன் முடித்துவிடுகிறேன். களைத்த நிலையில் பாரமான எடையைத் தொடுவதில்லை.

வலி தணிந்தது, 100 கிலோவும் திரும்பியது. புதிதாகத் தொடங்குவோருக்கு ஒன்று: கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் வந்தால் தசைச் சிதைவாக (தசை நார்கள் உடைந்து இரத்தத்தில் கலக்கும் ராப்டோமயோலிசிஸ்) இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.