புதுப்பிப்பு: மணப்பாடு, உவரி போய் வந்தாச்சு

திருச்செந்தூருக்குத் தெற்கே, கூட்டமில்லாத கடலோர ஊர்களில் மூன்று நாள் சுற்ற யோசனை கேட்டிருந்தேன் இல்லையா? ஊருக்கு ஒரு ராத்திரி தங்குவதாகத் திட்டம். "திருச்செந்தூரிலேயே தங்கி, பஸ்ஸில் போய் வாங்க" என்றவர்கள் சொன்னதுதான் சரி. நான் கேட்கவில்லை. உவரியில் போனில் சொல்லிவைத்த அறையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்! கப்பல் மாதா கோயிலையும் சுயம்புலிங்க சுவாமியையும் பார்த்துவிட்டு, பையும் கையுமாகத் திரும்பினோம்.

குலசேகரன்பட்டினத்துக்கு அரை நாள் போதும். தசரா சமயம் இல்லாததால் முத்தாரம்மனை நிதானமாகக் கும்பிட முடிந்தது.

மணப்பாட்டுக்குத்தான் ஒரு நாள் முழுக்க ஒதுக்க வேண்டும். மணல் குன்றின் மேல் திருச்சிலுவைக் கோயில், பக்கத்திலேயே சவேரியார் குகை. கீழே கரையில் ஒரு பெரியவர், கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். "எங்க இருந்து வாரிய?" என்றார். பாளையங்கோட்டை என்றேன். "இந்தா இருக்கு, இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்" என்று சிரித்தார்.

அப்புறம், வரும் வழியில் உடன்குடியில் இறங்கி இரண்டு கிலோ கருப்பட்டி வாங்கினோம். அதில் பாதி வீடு வந்து சேரவில்லை.