வீட்டைப் பார்ப்பதா, தெருவைப் பார்ப்பதா?

புதுக்குடி:
வாடகை வீடு மாற வேண்டும், இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று 11வது மாடி, மூன்று படுக்கையறை, எல்லாம் புதுசு, கீழே ஆறு வழிச்சாலை. இன்னொன்று உள்தெருவில் முதல் மாடி, இரண்டே அறை, பழைய கட்டடம், குளியலறைக் கதவு ஊறி உப்பிப்போய்ச் சாத்தவே வரவில்லை. வீட்டில் நாங்கள் இருவர், 7 வயது மகன், அப்புறம் முழங்கால் வலியோடு அம்மா. இப்போது இருக்கும் இடத்துக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது, எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. பகலில் அம்மா பேசுகிற ஒரே ஆள் நான்தான், அதுவும் மதிய இடைவேளையில் போனில் ஐந்து நிமிடம். அதை நினைத்தால்தான் மனசு அடித்துக்கொள்கிறது. தண்ணீர் வருகிறதா, வெளிச்சம் இருக்கிறதா என்றெல்லாம் கேட்கத் தெரியும். ஒரு இடத்தில் மனுஷர் நிம்மதியாக வாழ முடியுமா என்பதை எதை வைத்துக் கண்டுபிடிக்கிறீர்கள்?

மரநிழல்:
நான் முதலில் பார்ப்பது வாசலில் ஓடுகிற வண்டிகளை. டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகரமைப்புப் பேராசிரியர் 1960களின் கடைசியில் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை ஆராய்ந்தார். வீடுகள் ஏறக்குறைய ஒரே மாதிரி, போக்குவரத்துதான் வேறு: ஒன்றில் நாளைக்குச் சுமார் 2,000 வண்டிகள், அடுத்ததில் 8,000, மூன்றாவதில் 16,000. வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக 3 நண்பர்கள் இருந்தார்கள், நெரிசலான தெருவில் 0.9. உங்கள் இடம் எதுவரைக்கும் என்று கேட்டபோது, முதல் தெருக்காரர்கள் தெரு முழுவதையும் தங்கள் இடமாகக் காட்டினார்கள், மூன்றாவது தெருக்காரர்களுக்கு அது தங்கள் கட்டடத்தோடு நின்றுவிட்டது. இத்தனைக்கும் யாரும் யாரோடும் சண்டை போட்டுக்கொண்டு ஒதுங்கவில்லை. வாசலில் இரண்டு நிமிடம் நிற்க முடியாவிட்டால் பழக்கம் எங்கிருந்து வரும்? உங்கள் எதிர்வீட்டுக்காரர் விஷயமும் இதுவாகவே இருக்கலாம், உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள்.

பதினான்காம்மாடி:
11வது மாடி என்பதற்காகவே அந்த வீட்டைத் தள்ளிவிடாதீர்கள். நான் ஒன்பது வருடமாக மாடியில்தான் இருக்கிறேன், காலை வெயில் கட்டில்வரை வருகிறது, எங்கள் தளத்தில் நான்கு வீட்டாரும் சாவியை ஒருவருக்கொருவர் கொடுத்து வைக்கும் அளவுக்குப் பழக்கம். காரணம் சின்னது: லிஃப்ட் முன்னால் ஜன்னலோடு அகலமான இடம் இருக்கிறது, ஒரு பெஞ்சு கிடக்கிறது, பிள்ளைகள் அங்கேதான் விளையாடும்.

கேட்க வேண்டிய பெரிய கேள்வி, கட்டடத்தை யார் பராமரிக்கிறார்கள், அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் புரூட் ஐகோ என்ற குடியிருப்பில் 33 கட்டடங்கள், ஒவ்வொன்றும் 11 மாடி, 1950களில் கட்டினார்கள். 1972ல் இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அடுக்குமாடி என்றாலே இப்படித்தான் என்று அதை உதாரணம் காட்டாத ஆள் கிடையாது. ஆனால் வாடகைப் பணத்திலேயே பராமரிப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு, குடியிருந்தவர்களோ ஏழைகள், நகரத்தின் மக்கள்தொகையும் சரிந்துகொண்டிருந்தது, உடைந்ததைச் சரிசெய்யவே காசில்லாமல் போனது. லிஃப்ட் வேறு எல்லா மாடியிலும் நிற்காது, 1, 4, 7, 10 மட்டும், மற்றவர்கள் இருட்டுப் படிக்கட்டில் ஏறி இறங்க வேண்டும். முழங்கால் வலிக்காரரை அங்கே நினைத்துப் பாருங்கள்.

அதனால் இரண்டு கட்டடத்திலும் லிஃப்ட் கடைசியாக எப்போது பழுதானது, சரியாக எத்தனை நாள் ஆனது என்று குடியிருப்பவர்களிடம் கேளுங்கள், தரகரிடம் கேட்காதீர்கள்.

அரைத்தூக்கம்:
சத்தத்தைக் கண்டிப்பாகப் பாருங்கள். உலக சுகாதார அமைப்பின் ஐரோப்பியப் பிரிவு 2009ல் தாண்டக்கூடாது என்று சொன்ன அளவு, இரவில் வீட்டுக்கு வெளியே சராசரி 40 டெசிபல். பத்து டெசிபல் ஏறினால் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தெரியும். மீட்டர் எதுவும் வேண்டாம், ராத்திரி ஜன்னலைத் திறந்துவிட்டு அறைக்குள் சாதாரணக் குரலில் பேசிப் பாருங்கள், குரலை உயர்த்த வேண்டி வந்தால் அங்கே படுத்துத் தூங்க முடியாது. சத்தத்துக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தினால் 11வது மாடிக் காற்று கணக்கிலேயே வராது. எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் இருக்கிறதா என்றும் பாருங்கள், ஒரே பக்கம் இருந்தால் காற்று உள்ளே வந்து வெளியேறுவது குறைவு.

அப்புறம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், வாசலிலிருந்து எத்தனை அடிக்கு ஒருமுறை அவர் உட்கார வேண்டியிருக்கிறது, அங்கே உட்கார இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

புதுக்குடி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் ஆறரைக்கு இரண்டு இடத்துக்கும் அம்மாவோடு போனோம். 11வது மாடியில் வெளிச்சம் அருமை, ஆனால் ஜன்னலைத் திறந்ததும் நான் கேட்டதையே அம்மா மூன்று தடவை "என்ன?" என்றார். கீழே வந்தால் சாலையைக் கடக்கிற இடம் ஐந்து நிமிட நடை.

உள்தெருவில் தரகர் சாவியோடு வர தாமதமானது. அம்மா கீழ்வீட்டுப் படியில் உட்கார்ந்தார். அந்த வீட்டம்மா வந்து யாரென்று விசாரித்து, பேச்சு முழங்கால் வலிக்குப் போய், நான் மாடியைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தபோதும் இருவரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். மகன் அதற்குள் இரண்டு பையன்களோடு தெருக்கோடிவரை போய்த் திரும்பிவிட்டான், யாரும் அவனைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கவில்லை.

முதல் மாடிக்கு 16 படி, லிஃப்ட் கிடையாது. பாதியில் ஒரு திருப்பம் இருக்கிறது, அம்மா அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார். கைப்பிடி ஒரு பக்கம்தான், மறுபக்கமும் போட்டுத் தருவதாக வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார், குளியலறைக் கதவையும் மாற்றுவாராம். அந்தத் திருப்பத்தில் மடக்கு இருக்கை ஒன்று சுவரோடு பொருத்தலாமா என்று யோசிக்கிறேன், யாராவது பொருத்தியிருந்தால் என்ன உயரத்தில் வைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.