புதுப்பிப்பு: நாய்களோடு ஆர்வியில் டொர்னாடோ பகுதிப் பயணம்

மே மாதத்தில் இரண்டு நாய்களோடு ஆர்வியில் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி), டொர்னாடோ என்ற சுழற்காற்று அடிக்கடி வரும் அமெரிக்க மாநிலங்களான ஓக்லஹோமா, கான்சஸ் வழியாகப் போகலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம், எல்லோரும் நலம்.

நோவா (அமெரிக்க அரசின் வானிலை, கடல் ஆய்வு அமைப்பு) வானிலை எச்சரிக்கைகளைக் கேட்கும் ரேடியோ வாங்கச் சொன்னவர்களுக்கு நன்றி. அதில் எச்சரிக்கை கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) பெயரில்தான் வரும். அதனால் வண்டியை நிறுத்தியதும் முதல் வேலையாக, எந்தக் கவுண்டி என்று துண்டுச் சீட்டில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவிடுவோம்.

ஒரு ராத்திரி ரேடியோ நிஜமாகவே அலறியது. டொர்னாடோவுக்கு ஆர்வி தாங்காது. வண்டியை நிறுத்தித் தங்கியிருந்த முகாமின் கான்கிரீட் கழிவறைக் கட்டடத்துக்கு ஓடினோம். இடிச் சத்தத்தில் நாய்களில் பெரியவன் பின்வாங்கிப் பட்டையிலிருந்து தலையை உருவப் பார்த்தான். கழுத்துப் பட்டை இல்லாமல் மார்புப் பட்டை போட்டிருந்ததால் முடியவில்லை. சின்னவள் ஷவர் மூலையில் தூங்கியே விட்டாள், என்ன ஜென்மமோ!

அப்புறம், பொதுப் புகலிடங்கள் பலவற்றில் நாய்களை விடமாட்டார்கள். முகாமில் இடம் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.