பத்துமலை இருட்டுக் குகைக்குள் நாமாகவே போகலாமா?

செந்தூல்வாசி:
வணக்கம். பள்ளி விடுமுறைக்குப் பினாங்கிலிருந்து அக்கா பிள்ளைகள் வருகிறார்கள், பத்துமலைக்குக் கூட்டிப் போகிறேன். படியேறும் வழியில் இருக்கும் இருட்டுக் குகையை 2019-இல் மூடினார்கள். போன தைப்பூசத்திலும் பூட்டித்தான் கிடந்தது. வேறு வழியாக உள்ளே நுழையலாம் என்கிறார் நண்பர் ஒருவர். டார்ச்லைட் எடுத்துப்போய் அரை மணி நேரம் பார்த்துவிட்டு வந்துவிடுவோம், எதையும் தொட மாட்டோம். போகலாமா?

பழைய வழிகாட்டி:
போகாதீர்கள் தம்பி. குகை திறந்திருந்த காலத்தில் அங்கே வழிகாட்டியாக இருந்தவன் நான். பூட்டை மீறுவது தப்பு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், உள்ளே வாழும் உயிர்களுக்காகச் சொல்கிறேன்.

2 கிலோமீட்டருக்கு மேல் நீளும் குகை அது. ஆழத்தில் வெயிலும் இல்லை, செடியும் இல்லை. வௌவால் வெளியே போய்த் தின்றுவிட்டு வந்து போடும் எச்சம்தான் அங்கே பெரிய சாப்பாடு. அதையும் அதில் வளரும் பூஞ்சையையும் கரப்பானும் மரவட்டையும் தின்னும், அவற்றைப் பூரானும் சிலந்தியும் பிடிக்கும். வௌவால் இடம் மாறினால் அத்தனையும் பட்டினி.

தாய் வௌவால் குட்டியை மாரோடு சுமந்துகொண்டு தொங்கும். ஒரு ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டிதான். கூரையைப் பார்த்து வெளிச்சம் அடித்தால், பிள்ளைகள் கத்தினால், கூட்டமே கலைந்து பறக்கும். அந்தக் கலவரத்தில் கீழே விழும் குட்டி பிழைப்பது அரிது. அதனால்தான் விளக்கைத் தரை பார்த்துப் பிடிக்கச் சொல்வோம்.

எதையும் தொட மாட்டோம் என்கிறீர்கள். ஈரத்தில் கால் வழுக்கினால் கை முதலில் ஊன்றுவது சுவரில்தான். அந்தச் சுவரில் லிபிஸ்டியஸ் பட்டுவென்சிஸ் என்ற கதவுச் சிலந்தி இருக்கிறது. இங்கிருந்துதான் 1923-இல் அறிவியலுக்கு அறிமுகமானது. பெரும்பாலான சிலந்திகளில் காணாத பழங்காலத் தகடுகள் அதன் வயிற்றின்மேல் உண்டு. வளைக்கு ஒரு மூடி வைத்து, வாசலைச் சுற்றி இழைகளை விரித்துவிட்டு உள்ளே காத்திருக்கும். பூச்சி இழையில் தட்டியதும் பாயும். நம் உள்ளங்கை ஒருமுறை பட்டால் போதும், எல்லாம் அறுந்துவிடும்.

ரவூப் தோட்டக்காரர்:
அண்ணன் சொல்வது சரி. எங்கள் டுரியான் பூ சாயங்காலம் மலரும், நடு இரவுக்குள் மகரந்தக் காம்புகள் உதிர்ந்துவிடும். அந்தச் சில மணி நேரத்தில் வந்து மகரந்தம் சேர்ப்பதில் குகை வௌவாலுக்குத்தான் பெரிய பங்கு. பழம் தின்கிறது என்று வலை கட்டிக் கொல்பவர்களும் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். தேன் குடிக்கும் வௌவால் வேறு என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

செந்தூல்வாசி:
சரி அண்ணே, உள்ளே போகவில்லை. ஆனால் ஒரு ஆதங்கம். கல் உடைக்கிறவர்கள் மலையையே வெட்டி எடுக்கிறார்கள். நாங்கள் நாலு பேர் நுழைவதா பெரிது?

பழைய வழிகாட்டி:
கல்லுடைப்புதான் பெரிய அழிவு, மறுக்கவே இல்லை. சுண்ணாம்புக் குன்றுகள் தனித்தனித் தீவு மாதிரி. ஓட்டுக்குச் சுண்ணாம்பு தேவைப்படும் குட்டி நத்தைகள் ஒவ்வொரு குன்றிலும் தனி இனமாகவே உருவாகிவிடும். பகாங்கில் புக்கிட் பஞ்சிங்கை வெட்டித் தீர்த்தார்கள், அங்கே மட்டும் இருந்த பிளெக்டோஸ்டோமா சயாஃபிலம் என்ற நத்தை உலகத்திலேயே இல்லாமல் போனது. பத்துமலையிலும் 1980-கள் வரை கல் உடைத்தார்கள். அதற்குத் தப்பிய குகை இது. அதனால்தான் நாலு பேர் என்றாலும் எனக்குப் பதறுகிறது. மேலே கோயில் குகையில் விளக்கும் சிமெண்ட் தரையும் மக்கள் கூட்டமுமாக நமக்கு இடம் இருக்கிறது. கீழே இருப்பதை அவற்றுக்கு விட்டுவைப்போமே.

பிள்ளைகளுக்கு வௌவால் காட்ட வேண்டுமா? பொழுது சாயும்போது வெளியே திறந்தவெளியில் நின்று மலையைப் பார்க்கச் சொல்லுங்கள், இரை தேடிக் கிளம்பும். 1970-களில் எச்சத்தில் கிடந்த மகரந்தத்தை ஆராய்ந்து, இந்தத் தேன் வௌவால்கள் கடலோரச் சதுப்பு மரங்கள் வரை போய்வருவதைக் கண்டுபிடித்தார்கள். அதைச் சொல்லிக்கொடுங்கள். அப்புறம், குரங்குக்கு எதுவும் போடாதீர்கள். பிளாஸ்டிக் பையைக் காரிலேயே வைத்துவிட்டுப் படியேறுங்கள், கையில் பார்த்தால் பறித்துக் கிழித்து மலையெல்லாம் போட்டுவிடும்.